மேற்குச் சுவர்

புதன்கிழமை காலை தலைமையாசிரியை எலைன் நோட்டீஸைத் துரையிடம் கொடுத்து ஒட்டச் சொன்னார். துரை அந்தப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் அட்டெண்டர். பதினாறு வருடமாகக் கதவு திறப்பதும் மணி அடிப்பதும் அவர்தான். மழை படாத இடமாகப் பார்த்து ஆபீஸ் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு நின்று படித்தார்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பெற்றோர் கூட்டம், பெரிய ஹாலில். முதல் பருவத்தின் மார்க் கார்டுகள் அங்கேயே தரப்படும். பகல் சாப்பாட்டுக்குப் பின் தசரா விடுமுறை. பத்தாம் வகுப்புக்கு மட்டும் விடுமுறையிலும் ஸ்பெஷல் கிளாஸ், திங்கள் முதல், அதே ஹாலில்.

கடைசி வரியை இரண்டாம் முறையும் படித்தார்.

சுரங்கக் கம்பெனிக் காலத்தில் அந்த ஹால் ஸ்டோராக இருந்தது. கருங்கல் சுவர், தகரக் கூரை, கூரையைத் தாங்கும் தேக்கு உத்தரங்கள். பத்தாம் வகுப்பு அறை ஒழுகியதால் ஜூனிலிருந்து அந்த முப்பத்தொரு பெண்களும் ஹாலின் மேற்குக் கோடியில்தான் உட்கார்ந்தார்கள். ஜூனில் பள்ளி திறந்த அன்று துரை பெருக்கும்போது மேற்குச் சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தார். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகத் தரைக்கு இறங்கியிருந்தது. நகம் நுழையும் அகலம்.

ஊரின் தங்கச் சுரங்கம் மூடுவதற்கு முன் துரை பதினைந்து வருடம் அதன் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் டிம்பர்மேன். பூமிக்குக் கீழே பாறைக்கு மரம் முட்டுக் கொடுக்கும் வேலை. பாறையில் விரிசல் கண்டால் டிம்பர்மேன் அதில் சின்ன மர ஆப்பு ஒன்றைச் செருகிவைப்பான். ஆப்பு இறுக்கமாக இருக்கும்வரை பாறை அசையவில்லை என்று அர்த்தம். விழுந்தால் பாறை நகர்ந்துவிட்டது. விழுந்த ஆப்பை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, பேசாமல், ஓடாமல், ஆளை ஏற்றி இறக்கும் கேஜுக்கு நடந்து மேலே வந்துவிடுவார்கள்.

துரை ஜூனில் அந்தச் சுவரில் ஓர் ஆப்பு வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

*

அன்று சாயங்காலம் மழை விடவில்லை. சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டின் தகரத்தில் அது ஒரே சீராக விழுந்தது. தெருக்கோடியில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்து சாக்கடையை அடைத்திருந்தது. துரையின் மனைவி பாக்கியவதி களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். அவரும் அதே பள்ளியில்தான் வேலை. பகல் சாப்பாடு சமைப்பவர்.

"இன்னொரு உருண்டை போடவா?"

"போதும்."

"நாலு நாளா இப்டியேதான் சொல்லிகினு கீற. குழம்பு நல்லால்லியா?"

"நல்லாதான் கீது."

"அம்மா, நைனா டயட்ல கீறாரு" என்றாள் நேத்ரா. அவர்களுடைய ஒரே பெண், பத்தாம் வகுப்பு. "தசராவுக்கு மைசூரு போயி யானை மேல ஏறப் போறாரு."

"ஏறட்டும். யானை எறங்கி நடந்து வந்துடும்."

நேத்ரா வாயில் களியோடு சிரித்தாள். துரையும் கொஞ்சம் சிரித்தார்.

"சயின்ஸ் மார்க்க மிஸ் சொல்லிட்டாங்க. எம்பதுக்கு எழுபத்தாறு."

"மீதி நாலு எங்க?" என்றார் பாக்கியவதி.

"மிஸ் வூட்ல கீது. போயி வாங்கிகினு வா."

"வெள்ளிக்கெழம கூட்டத்துல கேக்கறேன்."

அப்போது பூமிக்குக் கீழிருந்து ஓர் இடி. தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. தட்டுகள் கிணுகிணுத்தன. கூரைத் தகரம் அதிர்ந்து நின்றது.

ஏர் பிளாஸ்ட். ஆழத்தில், பழைய சுரங்க லெவல்களில், அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது. சுரங்கம் ஓடிய காலத்தில் இந்தச் சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை விட்டுச் சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். இப்போது கீழே யாரும் இல்லை. தண்ணீர்தான் இருக்கிறது. யாரும் ஓடுவதில்லை. நேத்ரா தண்ணீர் சிந்தாமல் இருக்கச் சொம்பின் மேல் கை வைத்தாள், அவ்வளவுதான்.

துரை கை கழுவிக்கொண்டு குடையை எடுத்தார்.

"எங்க?"

"ஸ்கூலுக்கு. ஹால் ஜன்னல சாத்தனனா இல்லியான்னு..."

"இந்த மழையிலயா? ஜன்னல இன்னா தூக்கிகினு போயிடுவானுங்க? காலைல பாரு."

துரை கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு குடையை ஆணியில் மாட்டினார்.

*

வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஹாலைத் திறந்தார். ஆப்பு தரையில் கிடந்தது.

விரிசலில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். இரண்டாம் கணுவரை போனது. சுவரில் காதை வைத்துக் கேட்டார். எதுவும் கேட்கவில்லை. குனிந்து ஆப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உடைந்த பெஞ்சுக் கால் ஒன்று மூலையில் இருந்தது. அதை மடியில் வைத்துக் கத்தியால் சீவத் தொடங்கினார். முந்தையதைவிடத் தடிமனாக.

அரிசி ரூம் சாவிக்காகப் பாக்கியவதி உள்ளே வந்தார். கையில் அரிசி அளக்கும் படி.

"இன்னாது அது?"

துரை மறைக்கவில்லை. பாக்கியவதி சுவரைப் பார்த்தார், தரையில் கிடந்த சீவல்களைப் பார்த்தார். அவருடைய அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்.

"ஆப்பா?"

"ஆமா."

"எப்ப வெச்ச?"

"ஜூன்ல."

"ஜூன்ல வெச்சதுக்கு இப்ப ஏன் சீவிகினு கீற?"

"இது நாலாவது."

பாக்கியவதி படியைப் பெஞ்சின் மேல் வைத்தார். "அப்ப மூணு விழுந்துச்சி."

"ஆமா."

"விழுந்தத நீ குனிஞ்சி எடுத்த."

துரை கத்தியை நிறுத்தவில்லை.

"எங்கப்பன் இருந்தா உன் கைய ஒடச்சிருப்பான்."

"தெரியும்."

"எலைன் மேடத்துக்குத் தெரியுமா?"

"சொல்லல."

"ஏன்யா?"

"சொன்னா இஞ்சினியர் வருவான். வந்தா சீல் வெப்பான். ஸ்கூல் நிர்வாகத்துக்கும் அதான வேணும், எப்ப மூடலாம்னு காத்துகினு கீறாங்க. நூத்தறுவது பொண்ணுங்கள பங்காருப்பேட்டைக்குப் போவச் சொல்வாங்க. இங்க பாலகாட் லைன் பக்கம் அந்த ஸ்கூல மூடனாங்களே, எத்தினி பொண்ணு ரயிலு ஏறிச்சி? நாப்பதுல பதினொண்ணு. மீதி வூட்ல. மூணு பொண்ணுக்குக் கல்யாணமே ஆயிட்ச்சி."

"ஊருக்காகத்தான் சொல்லல. நான் நம்பிட்டேன்."

"நமக்காகவும்தான். எனக்கும் வேல போவும், உனக்கும் போவும். நேத்ராவ இன்னா பண்றது? நடு வருஷத்துல எந்த ஸ்கூல்ல சேப்பாங்க?"

"நேத்ராவும் இங்கதான ஒக்காந்துகினு கீது."

துரை குனிந்து தரையிலிருந்த சீவலை வாயால் ஊதினார்.

"மார்ச்சு வரிக்கும் தாங்கும்னு நெனச்சேன். எக்ஸாம் எழுதிட்டாங்கன்னா போதும். அப்பால நானே போயி சொல்லிருப்பேன்."

"செவுரு உன்கிட்ட சொல்லிச்சா? மார்ச்சு வரிக்கும் நிக்கறேன் துரைன்னு?"

வெளியே ஆசிரியைகளின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பாக்கியவதி குரலைத் தணித்தார்.

"நாளிக்கு எத்தினி பேரு வருவாங்க?"

"முந்நூறு."

"கூட்டத்த வெளிய வெக்கச் சொல்லு."

"மழை பெய்து."

"வெராண்டாவுல வெக்கட்டும். நாளிக்கு ஒரு நாளு தாண்டட்டும். திங்கக்கெழமைக்கு அப்பறம் பாத்துக்கலாம்." சொல்லி முடித்ததும் அவரே வாயை மூடிக்கொண்டார். தானும் துரையைப் போலவே பேசியது அவருக்கு விளங்கியிருந்தது. "நான் போயி மேடத்தக் கேக்கறேன்."

எலைன் மேசையில் மார்க் கார்டுகளை வகுப்பு வாரியாகக் கட்டிக்கொண்டிருந்தார். ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. அதே ஊரின் கோரமண்டல் பகுதியில் பிறந்தவர். அவருடைய தமிழ் மற்றவர்களுடைய தமிழேதான், நடுவில் 'மேன்' என்று மட்டும் வரும்.

"மேடம், நாளிக்கு மீட்டிங்க வெராண்டாவுல வெச்சிக்கலாமா?"

"ஏன்? முந்நூறு பேரு வெராண்டாவுல எப்டி நிப்பாங்க?"

"ஹால்ல எலி செத்துக் கெடக்குது மேடம். ஒரே நாத்தம்."

"துரைய பினாயில் போடச் சொல்லும்மா."

பாக்கியவதி போகவில்லை. எலைன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"வேற இன்னா?"

"ஒண்ணுமில்ல மேடம். நாளிக்கு பொங்கலா, சாம்பார் சாதமான்னு கேக்க வந்தேன்."

"ஸ்வீட் பொங்கல். கடைசி நாளு இல்ல?"

துரை ஹால் முழுவதும் பினாயில் ஊற்றிக் கழுவினார். நாலாவது ஆப்பைச் செருகிக் கல்லால் மூன்று முறை தட்டினார். இறுகியது. அதன்மேல் சுண்ணாம்பு தடவினார்.

*

வெள்ளிக்கிழமையும் மழை. பத்து மணியிலிருந்தே வரத் தொடங்கினார்கள். தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் லீவு போட்டிருந்தார்கள், அல்லது வீட்டுப் பெரியவர்களை அனுப்பியிருந்தார்கள். பத்தாம் வகுப்பைப் பிரித்திருந்த நடுத் தட்டியை எடுத்துவிட்டுக் கடைசிச் சுவர்வரை நாற்காலி போட்டாகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பெண்கள் வாசலில் ரோஜாப்பூவும் கற்கண்டும் கொடுத்தார்கள். உள்ளே ஈரத்துணி வாசனை. அதற்கும் மேலே பினாயில்.

துரை மேற்குச் சுவரை ஒட்டி நின்றார்.

கடைசி வரிசையில் தசரதன் வந்து உட்கார்ந்தார். எழுபது வயது. துரையோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். பேத்தி ஷோபா பத்தாம் வகுப்பில் நேத்ராவோடு படிக்கிறாள்.

"இன்னா துரை, செவுத்துக்குக் காவலா?"

"சும்மாதாண்ணே."

"ஒக்காருப்பா. எங்க ஓடப் போவுது அது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். துரை உட்காரவில்லை.

"பொண்ணு இன்னா மார்க்கு?"

"இன்னும் குடுக்கலண்ணே."

"எங்க ஷோபா கணக்குல எம்பதுக்கு முப்பத்தி ரெண்டாம். நான் சொன்னேன், உங்க தாத்தன் கணக்குல ஃபெயிலு, அதனாலதான் ரெண்டு மைலு கீழ போயி கல்லு ஒடச்சான்னு. அதுக்கு அது சொல்து, தாத்தா இப்ப கீழயும் வேல இல்லன்னு."

எலைன் மைக்கைப் பிடித்தார். கோ-கோ ஆட்டத்தில் பள்ளிக்குத் தாலூக்கா அளவில் இரண்டாம் இடம். கைதட்டல். கழிவறைக் கதவுகள் விடுமுறையில் மாற்றப்படும். இன்னும் பலமான கைதட்டல். மழைக்காலத்தில் வெள்ளை சாக்ஸ் வேண்டாம். வேலூர், ஆம்பூர் என்று ஊருக்குப் போகிறவர்கள் பள்ளி திறக்கும் நாளில் வந்துவிட வேண்டும், பண்டிகை முடிந்தும் பாட்டி விடவில்லை என்று லெட்டர் கொண்டுவரக் கூடாது. சிரிப்பு. பத்தாம் வகுப்புப் பெற்றோர் கவனிக்கவும், திங்கள் முதல் ஒன்பதரைக்கு, இங்கேயே...

இடித்தது.

புதன்கிழமை இடித்ததைவிடப் பெரியது. நாற்காலிகள் நகர்ந்தன. உத்தரத்திலிருந்து நெடுநாளைய தூசி பவுடர் போல எல்லார் தலையிலும் இறங்கியது. இரண்டாம் வரிசையில் ஒரு பெண் அலறி எழுந்தார். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மே மாதம்தான் திருச்சியிலிருந்து வந்த குடும்பம். எட்டாம் வகுப்பு மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாற்காலிகளைத் தள்ளியபடி வாசலுக்கு ஓடினார். ஒரு செருப்பு கழன்று நடுவில் கிடந்தது.

வேறு ஒருவரும் எழவில்லை. சிரித்தார்கள். தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

"பயப்படாதீங்கம்மா, ஏர் பிளாஸ்ட்டு" என்றார் எலைன் மைக்கில். "நம்ம ஊரு பெரிய மனுஷன். கூட்டம்னா வந்து தலைய காட்டிட்டுப் போவாரு."

"செருப்ப உட்டுட்டுப் போயிட்டியேம்மா" என்றார் யாரோ. மறுபடி சிரிப்பு.

துரை தன் காலடியைப் பார்த்தார். சுண்ணாம்புத் துண்டுகளுக்கு நடுவே ஆப்பு கிடந்தது. விரிசலில் இப்போது வெளிச்சம் தெரிந்தது. மழையும்.

அவர் குனியவில்லை. நடுவழியாக நடந்து மேடைக்குப் போய் எலைனின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் எழுந்து வெளிய போங்க."

இதற்கும் சிரித்தார்கள்.

"துரை, இன்னா மேன் இது?"

"வெளிய போங்க. கார்டு அப்பால வாங்கிக்கலாம்."

"சாப்பாடு ரெடியா துரை?" என்று ஒரு குரல்.

துரை கடைசி வரிசையைப் பார்த்தார். "தசரதண்ணே" என்றார். "ஆப்பு விழுந்திட்ச்சி."

தசரதன் திரும்பிச் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போக ஒரு கணம் ஆனது. பிறகு எழுந்தார். எதுவும் கேட்கவில்லை. அங்கங்கே இன்னும் ஆறேழு கிழவர்கள் எழுந்தார்கள். பக்கத்தில் இருந்த குழந்தையின் கையைப் பிடித்தார்கள். தன் பேத்தியா, அடுத்தவர் பேத்தியா என்று பார்க்கவில்லை. "குடைய எடுக்காத. பைய எடுக்காத. நட" என்று மட்டும் சொன்னார்கள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அதைக் கேட்டு மற்றவர்கள் எழுந்தார்கள். ஒருவரும் ஓடவில்லை. நாற்காலி ஒன்றுகூடக் கீழே விழவில்லை. நாலு நிமிடத்தில் ஹால் காலியாகிவிட்டது.

*

மைதானத்தில் முந்நூறு பேர் மழையில் நின்று ஹாலைப் பார்த்தார்கள். பாக்கியவதி சமையலறை அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஓரமாக நின்றார். கரண்டி கையிலேயே இருந்தது.

ஹால் நின்றது. ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. தகரத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் எப்போதும் போல வரிசையாக வடிந்தது. ஒரு சின்னப் பெண் தும்மினாள். மார்க் கார்டெல்லாம் மேசை மேலேயே இருக்கிறதே என்று ஒரு தாய் சொன்னார். ஓர் ஆள் போய் எடுத்துவர இரண்டு அடி வைத்தார். தசரதன் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

எலைன் துரையிடம் வந்தார். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"சொல்லு மேன். இன்னா ஆப்பு?"

துரை சொன்னார். எதையும் விடவில்லை. சொல்ல அதிக நேரம் ஆகவில்லை.

"ஜூன்லேருந்தா?" என்றார் எலைன்.

"விரிசல் ஜூன்ல மேடம். மொத ஆப்பு விழுந்தது ஜூலைல."

"நேத்து உன் வொய்ஃப் எலின்னு சொன்னாங்க."

பாக்கியவதி தரையைப் பார்த்தார்.

தசரதன் கிட்டே வந்தார். "எத்தினி வாட்டி விழுந்துச்சி?"

"இதோட நாலு."

"நீ கீழ இன்னா வேல பாத்த?"

"உனக்குத் தெரியும்ணே."

"இல்ல, நீ சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

"டிம்பர்மேன்."

தசரதன் தலையை ஆட்டினார்.

எலைன் கையை நீட்டினார். துரை இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தார். எலைன் பெற்றோர் பக்கம் திரும்பினார். மைக் இல்லாமல் கத்திப் பேச வேண்டியிருந்தது. இன்று மார்க் கார்டு இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் இல்லை. இஞ்சினியர் பார்க்கும்வரை கட்டடம் பூட்டியிருக்கும். விடுமுறைக்குப் பிறகு எந்தப் பள்ளி, எந்த இடம் என்று போனில் சொல்லுவோம்.

"பங்காருப்பேட்டைதான்" என்றார் ஒருவர். "அங்கல்லாம் எங்க பொண்ண அனுப்ப முடியாது" என்றார் இன்னொருவர். அதற்குள் சிலர் பெண்களின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி கேட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள்.

நேத்ரா ஓடிவந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். கூட்டத்தைப் பார்த்து முறைத்தபடி நின்றாள். "எங்க நைனாதான இப்ப எல்லாரையும் வெளிய இட்டாந்தாரு" என்றாள், யாரையும் குறிப்பாகப் பார்க்காமல். "அத்த ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றீங்க."

தசரதனின் பின்னால் நின்ற ஷோபா முன்னே வந்தாள். தலையிலிருந்து கன்னத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கிள்" என்றாள். "ஜூலைல நீங்க எங்க கிளாஸ் ரெபேக்கா மிஸ்கிட்ட வந்து சொன்னீங்க இல்ல, நேத்ராவுக்குக் கண்ணு சரியா தெரியல, கதவுகிட்ட வெளிச்சத்துல ஒக்கார வைங்கன்னு."

துரையின் கை இடுப்பில் சாவிக்கொத்தைத் தேடியது.

"அவ எடம் செவுத்துகிட்ட இருந்துச்சி. அங்க இப்ப நான்தான் ஒக்கார்றேன்."

வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத்தான் சொன்னாள். கோபம் இல்லை. பாக்கியவதி தலையைத் தூக்கிக் கணவரைப் பார்த்தார். தசரதன் பேத்தியின் தோளில் கை வைத்தார்.

நேத்ராவின் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. அது பாக்கியவதிக்கும் ஷோபாவுக்கும் தெரியும். அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கத்திலிருந்து நகர்ந்து, சேற்றில் நாலு அடி நடந்து, ஷோபாவின் அருகில் போய் நின்றாள்.

ஷோபா அவளிடமிருந்து ஓர் அடி விலகி நின்றாள்.